கால்பந்துக் குழுவின் முகவரியில் பட்டுச் சேலை

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்குக் கீழே சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில், 1965ஆம் ஆண்டு சில கருவிகள் கண்விழித்துக் காத்திருந்தன. வானிலிருந்து பொழியும் மற்றத் துகள்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் தலைக்குமேல் இருந்த பாறை தடுத்துவிட, எதற்கும் எளிதில் நிற்காத நியூட்ரினோ அவ்வளவு தூரம் வந்தது. வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ பாறையோடு மோதி விட்டுச்சென்ற தடத்தை அந்த ஆண்டு அங்கே பதிவு செய்தார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு அது. எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். ஏறக்குறைய அதே நேரத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் பிரெடரிக் ரைன்ஸ் குழுவும் இதே சாதனையைச் செய்தது.

தங்கவயல்காரர்கள் இதைப் பெருமையோடு சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். துகள் இயற்பியல் உலகுக்குக் கொடுத்த இன்னொரு பொருளும் எங்கள் ஊரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுதான் வைய விரிவு வலை. 1989 மார்ச்சில் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ அதற்கான திட்டத்தை எழுதியபோது, அவருடைய கவலை வணிகமும் அல்ல, விளம்பரமும் அல்ல. பல நாடுகளிலிருந்து வந்து, பலவகைக் கணினிகளில் வேலை செய்து, சில ஆண்டுகளில் கிளம்பிப் போய்விடும் இயற்பியலாளர்களின் ஆவணங்கள் தொலைந்துபோகாமல் இருக்க வேண்டும் என்பதுதான். அந்த ஆண்டுகளில் சாம்பியன் ரீஃபின் ஆழத்தில் புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்கும் சோதனை நடந்துகொண்டிருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் கிளம்பும் ரயிலில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் கணிசமானவர்களின் வேலை, செர்னில் பிறந்த அந்தப் பொருளைப் பழுதில்லாமல் ஓடவைப்பது.

அந்த வேலையில் அடிக்கடி வரும், ஆளை அலைக்கழிக்கும் ஒரு பழுதைப் பற்றி எழுத நினைக்கிறேன். ஒரே சர்வரில் பல இணையதளங்கள் குடியிருக்கும்போது, ஒருவரின் பெயரைச் சொல்லி அழைத்தால் வேறொருவர் வந்து நிற்பது.

பெர்னர்ஸ்-லீ முதலில் வகுத்த நெறிமுறை வியக்கவைக்கும் அளவுக்கு எளிமையானது. உங்கள் கணினி சர்வரோடு இணைப்பு ஏற்படுத்திக்கொண்டு ஒரே ஒரு வரி அனுப்பும்: ‘கெட்’ என்ற சொல், ஓர் இடைவெளி, வேண்டிய பக்கத்தின் பாதை. சர்வர் பக்கத்தை அனுப்பிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும். அவ்வளவுதான். எந்தத் தளத்தின் பக்கம் என்று அந்த வரியில் சொல்ல வேண்டியதில்லை, சொல்ல இடமும் இல்லை. ஒரு கணினிக்கு ஒரு தளம் என்று இருந்த காலம் அது. இணைப்பு வந்து சேர்ந்துவிட்டது என்றாலே எந்தத் தளம் என்பது தெரிந்துவிடும்.

ஒரே சர்வரில் பல தளங்களை வைக்கும் முறைக்கு விர்ச்சுவல் ஹோஸ்ட் என்று பெயர். அதில் இன்று வரும் இத்தகைய சிக்கல்களுக்கு வேர், அந்த வரியில் விடுபட்ட பெயர்தான். அதைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைய தேவைக்கு அது சரியாகவே இருந்தது.

உலாவியில் நாம் ஒரு பெயரைத் தட்டும்போது, அந்தப் பெயர் சர்வருக்கு நேராகப் போவதில்லை. முதலில் டிஎன்எஸ் என்னும் பெயர்ப்பதிவு அமைப்பிடம் போகிறது. அது பெயரை வாங்கிக்கொண்டு ஓர் ஐபி எண்ணைத் தருகிறது. உலாவி அந்த எண்ணை நோக்கித்தான் இணைப்பைத் தொடங்குகிறது. பழைய முறையில் பெயரின் வேலை அதோடு முடிந்தது. சர்வரிடம் வந்து சேர்வது வெறும் எண் வழியே வந்த இணைப்பு. எந்தப் பெயரைத் தேடி ஆள் வந்தார் என்பதைச் சர்வர் அறிய வழியில்லை.

1990களின் நடுவில் தளங்கள் பெருகின. ஒரே கணினியில் நூறு தளங்களை வைக்க முடியும் என்ற அளவுக்குக் கணினிகளும் வலுப்பெற்றன. ஆனால் தளத்துக்கு ஒரு தனி ஐபி எண் வேண்டியிருந்தது. அன்றைய ஐபி எண் 32 பிட் அளவுள்ளது. மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தான், அதிலும் ஒரு பகுதி வேறு பயன்களுக்கு ஒதுக்கப்பட்டது. கையிருப்பு கரைவது அப்போதே தெரிந்தது. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பிலிருந்து கடைசித் தொகுதிகளும் பங்கிடப்பட்டுவிட்டன. நம்முடைய ஆசிய-பசிபிக் பகுதியில் அதே ஆண்டு ஏப்ரலிலேயே பங்கீட்டு முறையை இறுக்க வேண்டியதாயிற்று.

அதற்கான தீர்வு ஒற்றை வரியில் வந்தது. 1997 ஜனவரியில் வெளியான ஹெச்டிடிபி 1.1 நெறிமுறை, ஒவ்வொரு கோரிக்கையிலும் ‘ஹோஸ்ட்’ என்று தொடங்கும் வரி கட்டாயம் இருக்க வேண்டும் என்றது. நான் தேடி வந்த பெயர் இது என்று உலாவி தானே சொல்லிவிட வேண்டும். அந்த வரி இல்லாத கோரிக்கையைச் சர்வர் 400 என்ற பிழை எண்ணோடு திருப்பி அனுப்ப வேண்டும். ஒரே கணினி, ஒரே எண், ஒரே கம்பி. ஆனாலும் அந்தச் சிறு வரியைப் பார்த்து நூறு தளங்களில் சரியான ஒன்றைச் சர்வர் எடுத்துக் கொடுக்கிறது. இன்று உலகின் இணையதளங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் பிறரோடு முகவரியைப் பகிர்ந்துகொண்டு வாழ்கின்றன.

தங்கவயலில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க ஓர் எளிய வழி உண்டு. சுரங்கத் தொழிலாளர்களுக்காக ஒரே வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள் இன்றும் இருக்கின்றன. உறையின் மேல் லைன் பெயர் மட்டும் இருந்து, ஆள் பெயர் அழிந்துபோய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தபால்காரர் என்ன செய்வார்? கடிதத்தைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் லைனின் முதல் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளும், என்ஜின்எக்ஸும் இதைத்தான் செய்கின்றன. வந்த பெயர் தன் பட்டியலில் எதற்கும் பொருந்தவில்லையென்றால், ‘அப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்று சொல்வதில்லை. பட்டியலில் முதலில் இருக்கும் தளத்தை எடுத்துக் கொடுத்துவிடுகின்றன.

இதைச் சொல்லாமல் செய்வதுதான் தொல்லை. பிழைச் செய்தி கிடையாது. 200 என்ற வெற்றி எண்ணோடு, அழகான, ஆனால் வேறொருவருடைய பக்கம் வந்து நிற்கும்.

ராபர்ட்சன்பேட்டையில் எனக்குத் தம்பி முறை ஆகும் ஒரு பையன் மாத வாடகைக்கு ஒரு சிறிய கிளவுட் சர்வர் எடுத்து, தெரிந்தவர்களின் தளங்களை அதில் ஏற்றி வைத்திருக்கிறான். ஒரு பள்ளியின் பழைய மாணவர் சங்கம், ஒரு ஜவுளிக் கடை, கடைசியாக ஒரு கால்பந்துக் குழு. குழுவின் பெயரைத் தட்டினால் கடையின் கல்யாணப் பட்டுச் சேலைகள் வருவதாக ஒரு காலை ரயிலில் என்னிடம் மடிக்கணினியை நீட்டினான்.

“அண்ணா, எனக்குச் சரியா வருது. வாட்ஸ்அப்புல அனுப்புன லிங்க்கைத் தொட்டாலும் சரியா வருது. பேரைத் தட்டிப் பார்க்கறவங்களுக்கு மட்டும் சேலை வருதுன்றாங்க. அதுவும் மொதல்ல சிவப்பா எச்சரிக்கை காட்டிட்டு.”

அவன் சொன்ன சொற்களிலேயே விடை இருந்தது. ஆனாலும் பழுது பார்க்கும்போது ஊகத்தில் தாவக் கூடாது, பெயர் போகும் வழியிலேயே நாமும் நடந்து போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பெயர் சரியான எண்ணுக்குத்தான் போகிறதா என்று முதலில் பார்த்தோம். டிஎன்எஸ் பதிவை மாற்றிய பிறகு சில மணி நேரம் உலகம் பழைய எண்ணையே நினைவில் வைத்திருக்கும். சோதனைக்காக, டிஎன்எஸ்ஸைக் கேட்காமலே பெயருக்கு எண் சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பில், தன் கணினியில் ஓர் எண்ணை எழுதிவிட்டு மறந்துபோனவர்களுக்கு, அவர்கள் திரையில் மட்டும் வேறு உலகம் தெரியும். இங்கே அப்படி எதுவும் இல்லை, எண் சரியாகவே வந்தது. அடுத்து, வரும் கோரிக்கைகளைச் சர்வர் குறித்து வைக்கும் லாக் கோப்பைத் திறந்து, கோரிக்கை சர்வர்வரை வந்து சேர்கிறதா, எந்தத் தளத்தின் லாக்கில் பதிவாகிறது என்று பார்த்தோம். குழுவுக்கான கோரிக்கைகள் கடையின் லாக்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஆக, ஆள் சரியான கட்டடத்துக்கு வந்துவிட்டார். உள்ளே வந்த பிறகுதான் வழி மாறுகிறது.

இந்த இடத்தில் பலரும் தளங்களின் அமைப்பை எழுதி வைத்திருக்கும் கான்ஃபிக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து கண்ணால் தேடத் தொடங்குவார்கள். அது நேர விரயம். நாம் என்ன எழுதினோம் என்பதைவிட, சர்வர் என்ன புரிந்துகொண்டது என்பதுதான் முக்கியம். அப்பாச்சியிடம் அதைக் கேட்க ஒரு கட்டளை இருக்கிறது: அப்பாச்சிசிடிஎல், அதன் பின் ஒரு சிறு கோடு, பெரிய எஸ் எழுத்து. எந்த எண்ணில், எந்தப் போர்ட்டில், எந்தெந்தப் பெயர்களை அது அறிந்து வைத்திருக்கிறது, பொருந்தாதவர்களுக்கு யாரைக் காட்டப்போகிறது, அந்த விவரம் எந்தக் கோப்பின் எந்த வரியில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் வந்து விழும். விர்ச்சுவல் ஹோஸ்ட் வைத்திருப்பவர் எவரும் முதலில் கற்க வேண்டிய கட்டளை இதுதான் என்பேன்.

போர்ட் என்பது இணைப்பு உள்ளே வரும் வாசலின் எண். பட்டியலில் 80 என்ற போர்ட்டில் மூன்று தளங்கள் இருந்தன. 443இல் இரண்டுதான் இருந்தன. கால்பந்துக் குழு அங்கே இல்லவே இல்லை.

80 பூட்டில்லாத இணைப்புக்கு, 443 பூட்டுப் போட்ட ஹெச்டிடிபிஎஸ் இணைப்புக்கு. இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல். ஒன்றில் எழுதியது மற்றொன்றுக்குச் செல்லாது. 2021 ஏப்ரலில் வந்த குரோம் 90ஆம் பதிப்பிலிருந்து, முன்னால் எதுவும் எழுதாமல் வெறும் பெயரைத் தட்டினால் உலாவி முதலில் 443க்குத்தான் போகிறது. தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பி, தானும் திறந்து பார்த்த லிங்க்கோ ‘ஹெச்டிடிபி’ என்று எழுதி 80க்கு வழிகாட்டியது. அதனால் அவனுக்குக் குழு, மற்றவர்களுக்குச் சேலை. 443இல் குழுவின் பெயர் பொருந்தாததால் பட்டியலின் முதல் தளமான கடை முன்னால் வந்தது, கூடவே கடையின் சான்றிதழும் வந்தது. கேட்ட பெயர் ஒன்று, சான்றிதழில் உள்ள பெயர் இன்னொன்று. சிவப்பு எச்சரிக்கை அதற்குத்தான்.

கடை ஏன் முதலில் வந்தது என்பதிலும் ஒரு சின்ன அழகு இருக்கிறது. டெபியன், உபுண்டு வகைச் சர்வர்களில் தளக் கோப்புகள் பெயரின் ஆங்கில அகரவரிசைப்படி படிக்கப்படுகின்றன. முதலில் படிக்கப்படுவதே பொருந்தாதவர்களுக்கான தளம் ஆகிறது. அப்பாச்சியை நிறுவும்போது கூடவே வரும் முதல் கோப்பின் பெயர் மூன்று சைபரில் தொடங்குவது அதனால்தான். எதற்கும் முன்னால் நிற்க வேண்டும் என்றே அப்படி வைத்திருக்கிறார்கள். இடத்தை அடைக்கிறது என்று அதை நீக்கிவிட்டால், அடுத்த எழுத்தில் இருப்பவர் அந்த இருக்கையில் உட்கார்ந்துவிடுவார்.

பூட்டுப் போட்ட இணைப்பில் இதெல்லாம் சாத்தியமானதே தனிக் கதை. ஹெச்டிடிபிஎஸ்ஸில் எதையும் பேசுமுன் சர்வர் தன் சான்றிதழைக் காட்டி, இரு தரப்பும் ரகசியக் குறியீட்டை ஒப்புக்கொள்ள வேண்டும். ஹோஸ்ட் வரி அந்தப் பூட்டுக்குள்ளேதான் வருகிறது. யாருடைய சான்றிதழைக் காட்டுவது என்று தெரிய பெயர் வேண்டும், பெயர் கிடைக்க முதலில் சான்றிதழைக் காட்ட வேண்டும். 1997இல் தீர்ந்த சிக்கல் இங்கே மறுபடி முளைத்தது. அதனால் நீண்ட காலம் பூட்டு வேண்டுபவர் தனி ஐபி எண்ணுக்குத் தனிப்பணம் கட்டினார். 2003இல் வந்த எஸ்என்ஐ என்ற விரிவாக்கம், இணைப்பின் முதல் செய்தியிலேயே, பூட்டு விழுமுன், பெயரைச் சொல்லிவிடச் செய்தது. அப்பாச்சியில் அது வந்து சேர 2009 ஆயிற்று. விண்டோஸ் எக்ஸ்பியின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் கடைசிவரை அதைக் கற்கவில்லை. எக்ஸ்பி ஓய்ந்து, 2015 இறுதியில் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்களை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான், ராபர்ட்சன்பேட்டைக் கடைக்கும் பூட்டு கைக்கெட்டியது.

பூட்டுக்கு வெளியே பெயர் சொல்லப்படுவதால், நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது வழியில் இருப்பவர்களுக்குத் தெரியும். உள்ளே என்ன படித்தீர்கள் என்பது தெரியாது, எங்கே போனீர்கள் என்பது தெரியும். அந்தப் பெயரையும் மறைக்கும் ஏற்பாடு 2023இல் குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் வரத் தொடங்கியது. அது எல்லாச் சர்வர்களுக்கும் பரவ வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

கான்ஃபிக் கோப்பில் ஒரு தளத்துக்கான பகுதியை பிளாக் என்பார்கள். குழுவுக்கு 443க்கும் ஒரு பிளாக் எழுதி, சான்றிதழ் வாங்கி, ரீலோடு செய்தோம். குழு வந்துவிட்டது. முன்னால் மூன்று டபிள்யூ சேர்த்துத் தட்டியவர்களுக்கு இன்னும் சேலைதான். சர்வருக்கு அது வேறு பெயர். சர்வர்நேம் வரியில் ஒன்று, சர்வர்அலையாஸ் வரியில் மற்றொன்று என்று இரண்டையும் எழுத வேண்டும், சான்றிதழிலும் இரண்டும் இருக்க வேண்டும்.

இதைவிட ஆழமாக ஒளிந்துகொள்ளும் பழுது ஒன்று உண்டு. சில பிளாக்குகளின் தலைப்பில் நட்சத்திரக் குறி இருக்கும், எந்த ஐபி எண்ணாக இருந்தாலும் சரி என்று பொருள். எங்கோ ஒரு பிளாக்கில் மட்டும் சர்வரின் ஐபி எண்ணையே எழுதியிருப்பார்கள். அப்பாச்சி முதலில் பெயரைப் பார்ப்பதில்லை. எண்ணைப் பார்த்து, மிகக் குறிப்பாகப் பொருந்தும் பிளாக்குகளின் தொகுப்பைத் தேர்ந்தெடுத்து, அந்தத் தொகுப்புக்குள் மட்டுமே பெயரைத் தேடும். அந்த எண்ணுக்கு வரும் எல்லாக் கோரிக்கைகளையும் அந்த ஒற்றைப் பிளாக் விழுங்கிவிடும். நட்சத்திரம் போட்டவற்றில் பெயர் எவ்வளவு சரியாக இருந்தாலும் யாரும் அங்கே எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு கோப்பையும் தனியாகப் பார்த்தால் குற்றமே தெரியாது. அந்தப் பட்டியல் கட்டளைதான் இதைக் காட்டிக்கொடுக்கும்.

பெயரை உலாவியே சொல்கிறது என்றால் பொய்யும் சொல்லலாம் அல்லவா? சொல்லலாம். அது பழுது பார்ப்பவருக்குக் கிடைத்த வசதி. கர்ல் என்ற கருவியிடம் ‘ரிசால்வ்’ என்ற விருப்பத்தோடு, இந்தப் பெயரை இந்த எண்ணில் போய்க் கேள் என்று சொன்னால், டிஎன்எஸ்ஸைத் தொடாமலே தளத்தைச் சோதித்துவிடலாம். ஹோஸ்ட் வரியை மட்டும் மாற்றி ஹெச்டிடிபிஎஸ்ஸைச் சோதிப்பவர்கள் ஏமாந்துபோவார்கள், ஏனென்றால் எஸ்என்ஐயில் போகும் பெயர் மாறியிருக்காது. இந்தச் சோதனைக்கு உலாவியையும் நம்ப முடியாது. நிரந்தர இடமாற்றம் என்று சர்வர் ஒரு தடவை சொல்லிவிட்டால், உலாவி அதைப் பல நாள் மனதில் வைத்துக்கொண்டு சர்வரைக் கேட்காமலே திசைதிருப்பும்.

தமிழ்ப் பெயர்களுக்கு வருவோம். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றுக்கும் தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரிகள் 2010, 2011 வாக்கில் ஏற்கப்பட்டன. ‘கோலார்’ என்று தொடங்கி ‘இந்தியா’ என்று முடியும் முகவரியை ஒருவர் வாங்கி நடத்தலாம். டிஎன்எஸ்ஸும் ஹோஸ்ட் வரியும் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் சிறு கோட்டையும் மட்டுமே சுமக்கும் பழக்கத்தில் வளர்ந்தவை. அதனால் உலாவி தமிழ்ப் பெயரை பியூனிகோட் என்ற முறையில் எக்ஸ், என், இரண்டு கோடு என்று தொடங்கும் ஆங்கில எழுத்துச் சரமாக மாற்றி அனுப்புகிறது. நாம் திரையில் காண்பது தமிழ். சர்வர் காண்பது அந்தச் சரம். அப்பாச்சியின் சர்வர்நேம் வரியில் ஆசையோடு தமிழிலேயே எழுதினால் பொருந்தாது, முதல் தளம்தான் வரும். அங்கே எழுத வேண்டியது அந்தச் சரத்தை.

அதிலும் ஒரு நுட்பம். ‘கோ’ என்ற எழுத்தின் குறியை யூனிகோடில் இரண்டு வகையில் சேமிக்கலாம்: ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். கணினிக்கு வேறு வேறு. உலாவிகள் பெயரை அனுப்புமுன் இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. கையில் கிடைத்த ஒரு கருவியில் ஒட்டிச் சரத்தை உருவாக்குபவர், அந்தக் கருவி இதைச் செய்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கான்ஃபிக்கில் ஒரு கோலார், உலாவியிலிருந்து வருவது இன்னொரு கோலார்.

ரயில் பெங்களூரை நெருங்கியபோது தம்பியிடம் இன்னும் ஒரு வேலை செய்யச் சொன்னேன். பட்டியலின் தலையில், 80க்கும் 443க்கும், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பிளாக். பொருந்தாத பெயரோடு வரும் எவருக்கும் 404 கொடுத்து, வந்த பெயரைத் தனி லாக்கில் எழுதி வைப்பது மட்டுமே அதன் வேலை. அப்பாச்சியின் வழக்கமான லாக் வடிவத்தில் ஹோஸ்ட் வரி பதிவாகாது, நாம்தான் சேர்க்க வேண்டும். சேர்த்தான். இப்போது அவன் ஒரு தளத்தை மறந்தாலும், எழுத்துப்பிழை விட்டாலும், அந்தப் பெயர் அன்றைக்கே அந்த லாக்கில் வந்து நிற்கிறது.